பூனையின் மூன்றாம் இமை: அறிகுறியும் நோயும்

சிரம்பானை ஒட்டியுள்ள பாரோயிலும் அதைச் சூழ்ந்த தோட்டப்புறங்களிலும் பூனை நெடுங்காலமாக மனிதரோடு வாழ்ந்து வரும் உயிர். பால்மரம் நின்ற காலத்திலும், அதன் இடத்தில் செம்பனை நடப்பட்ட காலத்திலும், எலியை அடக்கும் வேலை அதற்கு இருந்தது. செம்பனைப் பழம் எலிக்கு விருப்பமான உணவு. எலி பெருகினால் அதைத் தேடிப் பாம்பும் வரும். தோட்ட நிருவாகங்கள் மரங்களுக்கிடையே கூடு அமைத்துக் கூகைகளை வளர்த்தன. லயத்து வீடுகளில் இருந்தோர் பூனையை நம்பினர். தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ஆயினும் பூனை நம்மை விட்டுப் போகவில்லை.

அப்பூனையின் கண்ணில் ஒரு நாள் புதுமையான ஒன்றைக் காண்கிறோம். மூக்கை ஒட்டிய உள்மூலையிலிருந்து வெண்மையோ இளஞ்சிவப்போ ஆன ஒரு படலம் எழுந்து, கண்ணின் மூன்றில் ஒரு பங்கையோ பாதியையோ மறைத்து நிற்கிறது. அதைக் கண்டவர்களிடமிருந்து பெரும்பாலும் மூன்று விளக்கங்கள் வரும். ‘கண்ணில் பூ விழுந்துவிட்டது’ என்பார் ஒருவர். ‘சதை வளர்ந்துவிட்டது’ என்பார் மற்றொருவர். ‘கண் செருகிவிட்டது, இனிப் பிழைக்காது’ என்பார் மூன்றாமவர். இம்மூன்றுமே பிழையான விளக்கங்கள். நாம் காண்பது பூவுமன்று, சதையுமன்று. அது பூனைக்குப் பிறவியிலேயே அமைந்த ஓர் இமை. எப்போதும் உள்ளே மறைந்திருக்கும் அது இப்போது ஏன் வெளியே நிற்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அக்கேள்விக்கு எவ்வாறு விடை தேடுவது என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

பெயர் தவறினால் மருந்தும் தவறும்

மொழி மன்றத்தின் பொழிவு வரிசையில் பூனையின் கண்ணைப் பற்றி ஏன் பேசவேண்டும் என்று மாணவர் வினவலாம். தமிழர் விலங்குகளை உற்றுநோக்கிப் பெயரிட்டவர்கள். தொல்காப்பியத்தின் மரபியல், எந்த விலங்கின் இளமைக்கு எந்தப் பெயர் உரியது என்று வகுத்துக் கூறுகிறது. வெருகு எனப்படும் காட்டுப்பூனையின் இளமைக்குக் ‘குட்டி’ என்னும் பெயர் உரியது என்பதும் அங்கே உண்டு. ஒன்றைச் சரியாகப் பெயரிடுவதற்கு முதலில் அதைச் சரியாகப் பார்க்கவேண்டும்.

கண்நோய்களைக் குறிக்கும் நம் வழக்குச் சொற்களும் இவ்வாறு பார்த்துப் பிறந்தவையே. ‘பூ விழுதல்’ என்பது கண்ணின் முன்புறத்தில் கண்ணாடி போல் ஒளியை உள்ளே விடும் விழிவெண்படலத்தில் தழும்பு ஏற்பட்டு, அது வெளுத்துத் தெரியும் நிலை. ‘சதை வளர்தல்’ என்பது மனிதக் கண்ணின் வெண்பகுதியிலிருந்து கருவிழியை நோக்கி இறக்கை வடிவில் படரும் திசுவைக் குறிக்கும். இரண்டும் மனிதருக்கு வரும் குறைகளைச் சுட்டும் நல்ல சொற்கள். ஆனால் அவற்றைப் பூனையின் மூன்றாம் இமைக்கு ஏற்றும்போது தீங்கு நேர்கிறது. பூ விழுந்ததென்று நம்புபவர், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று விட்டுவிடுகிறார். சதை வளர்ந்ததென்று நம்புபவர், அதை நீக்கவேண்டும் என்று எண்ணுகிறார். பெயர் தவறியதால் செயலும் தவறுகிறது. ஆகவே ‘மூன்றாம் இமை’ என்னும் பெயரை மாணவர் மனத்தில் பதிய வைப்பதே முதற் பணி எனக் கருதுகிறோம்.

இமையின் அமைப்பும் பணியும்

பூனைக்கு மேலிமை, கீழிமை என்னும் இரண்டோடு, கண்ணின் உள்மூலையில் மடிந்து கிடக்கும் மூன்றாம் இமையும் உண்டு. அதன் நடுவே ‘டி’ என்னும் ஆங்கில எழுத்தின் வடிவில் ஒரு மெல்லிய குருத்தெலும்பு இருந்து அதற்கு விறைப்பைத் தருகிறது. அதன் இருபுறமும் ஈரமான மென்படலம் போர்த்தியிருக்கிறது. அடியில் கண்ணீர்ச் சுரப்பி ஒன்று அமைந்துள்ளது. கண்ணை நனைக்கும் நீரில் கணிசமான பங்கை இச்சுரப்பியே தருகிறது. நோயை எதிர்க்கும் அணுக்களும் அப்படலத்தில் உண்டு. எனவே காரின் கண்ணாடியைத் துடைக்கும் துடைப்பானைப் போலத் தூசியை விலக்குவதும், கண்ணீரைப் பரப்புவதும், புதருக்குள் பாயும்போதும் இரையோடு போராடும்போதும் விழியைக் காப்பதும் இவ்விமையின் பணிகளாகின்றன.

இத்தகைய இமை பூனைக்கு மட்டும் உரியதன்று. கோழி, தவளை, முதலை, நாய், ஒட்டகம் ஆகியவற்றுக்கும் உண்டு. கோழி கண் சிமிட்டும்போது பக்கவாட்டில் ஒரு படலம் விரைந்து சென்று மீள்வதைக் கூர்ந்து நோக்குவோர் காணலாம். மனிதருக்கும் இதன் எச்சம் உள்ளது. கண்ணாடியின் முன் நின்று மூக்கை ஒட்டிய கண்மூலையைப் பார்த்தால், இளஞ்சிவப்பான சிறு மேட்டின் அருகே பிறை வடிவ மடிப்பு ஒன்று தெரியும். நம் முன்னோர் உயிரினங்களில் இமையாக இயங்கியதன் எஞ்சிய அடையாளமே அது.

கோழிக்கும் பூனைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கோழியின் மூன்றாம் இமையைத் தசைகள் நேரே இழுத்து இயக்குகின்றன. பூனையினதோ பெரும்பாலும் தானாக இயங்குவதில்லை. பூனை தன் விழியைக் கண்குழிக்குள் பின்னோக்கி இழுக்கும்போது, குழிக்குள் உள்ள கொழுப்பு அழுந்தி, அந்த அழுத்தத்தால் இமை வெளியே தள்ளப்படுகிறது. விழி பழைய நிலைக்கு வந்ததும் இமை உள்ளே போகிறது. அதை உள்ளேயே நிறுத்தி வைப்பவை பரிவு நரம்புகள் இயக்கும் சிறு மென்தசைகள். அவை பூனை விழித்திருக்கும் நேரமெல்லாம் இமையைப் பிடித்து வைத்திருக்கின்றன.

இமை வெளிப்படும் நான்கு வழிகள்

இந்த இயக்கத்தை அறிந்தால், மூன்றாம் இமை ஏன் தெரிகிறது என்பதை மனப்பாடம் செய்யாமலே உய்த்துணரலாம். வழிகள் நான்கு.

முதலாவது, விழி உள்ளே அமிழ்தல். உடலில் நீர் வற்றினாலும், நீண்ட நோயால் பூனை மெலிந்து கண்குழியின் கொழுப்பு கரைந்தாலும் விழி பின்னே செல்லும். இமை முன்னே வரும். கண்ணில் கடும் வலி இருந்தாலும் பூனை விழியைத் தானே உள்ளிழுத்துக்கொள்ளும்.

இரண்டாவது, பிடி தளர்தல். இமையை உள்ளே நிறுத்தும் பரிவு நரம்பு ஏதேனும் ஓரிடத்தில் பழுதுபட்டால் இமை நழுவி வெளியே வரும். மயக்க மருந்தும் தூக்கமும் இப்பிடியைத் தற்காலிகமாகத் தளர்த்துகின்றன.

மூன்றாவது, பின்னிருந்து தள்ளப்படுதல். கண்குழிக்குள் சீழ்க்கட்டியோ, இரத்தக் கசிவோ, புற்றுக்கட்டியோ இருந்தால் விழியும் இமையும் முன்னே தள்ளப்படும். மேல்தாடைக் கடைவாய்ப் பற்களின் வேர் கண்குழிக்கு மிக அருகில் இருப்பதால், பல்லில் பிடித்த சீழ் கண்ணில் வெளிப்படுவதும் உண்டு.

நான்காவது, இமையே வீங்குதல். தொற்றினால் அதன் படலம் சிவந்து பருக்கலாம். அதன் அடியிலுள்ள சுரப்பி இடம்பெயர்ந்து சிவந்த சிறு உருண்டையாகப் பிதுங்கலாம். இந்நிலை நாய்களில் மிகுதி, பூனைகளில் அரிது, பர்மிய இனப் பூனைகளில் சற்றுக் கூடுதலாகக் காணப்படுகிறது.

அமிழ்தல், தளர்தல், தள்ளப்படுதல், வீங்குதல் என்னும் இந்நான்கையும் நினைவிற்கொண்டால், கண்முன் உள்ள பூனை எவ்வகையைச் சேர்ந்தது என்று ஆராயத் தொடங்கலாம்.

ஒரு கண்ணா, இரு கண்ணா?

ஆராய்ச்சியின் முதற் கேள்வி இது. ஒரு கண்ணில் மட்டும் இமை தெரிந்தால், காரணம் பெரும்பாலும் அந்தக் கண்ணிலோ அதற்குச் செல்லும் நரம்பிலோ இருக்கும். இரு கண்களிலும் தெரிந்தால், உடல் முழுவதையும் பற்றிய ஒன்றை ஐயுறவேண்டும். இவ்விதிக்கு விலக்குகள் உண்டெனினும் தொடங்குவதற்கு இதுவே நல்ல வழி.

ஒரு கண்ணில் இமை எழுந்து, பூனை அக்கண்ணைச் சுருக்கி, நீர் வடித்து, ஒளியைக் கண்டு விலகினால் வலி இருக்கிறதென்று பொருள். சண்டையில் பட்ட நகக்கீறல், கண்ணுள் புகுந்த புல்விதை, விழிவெண்படலத்தில் ஏற்பட்ட புண் ஆகியவை அதற்கு வழக்கமான காரணங்கள். இவை ஒரு நாளும் தாமதிக்கத்தக்கவை அல்ல. ஆழமான புண் விழியையே துளைத்துவிடும்.

குட்டிகளிலும், பல பூனைகள் ஒன்றாக வாழும் இடங்களிலும் தும்மல், சளி, பீளை ஆகியவற்றோடு இமை சிவந்து வீங்குவதைக் காணலாம். பூனையின் ஹெர்ப்பிஸ் வைரஸ், கலிசி வைரஸ், கிளமிடியா நுண்ணுயிர் ஆகியவை இதற்குக் காரணமாகும். ஹெர்ப்பிஸ் கடுமையாகத் தாக்கிய குட்டிக்கு, ஆறிய பிறகும் மூன்றாம் இமை விழியோடு ஒட்டிக்கொண்டு நிலையாக வெளியே நிற்பதுண்டு. அத்தகைய பூனையின் கண்ணில் தெரிவது பழைய நோயின் தழும்பு; புதிய நோயன்று. எனவே எவ்வளவு காலமாக இமை தெரிகிறது என்பதும் கேட்கவேண்டிய கேள்வியே.

இரு கண்களிலும் இமை எழுந்து, பூனை மெலிந்து, மந்தமாகி, உண்ணாமல் கிடந்தால், வயிற்றுப்போக்கு, குடற்புழு, நீர் வறட்சி, சிறுநீரக நோய், காய்ச்சல் எனப் பலவற்றை ஆராயவேண்டும். இங்கே கண்ணில் நோயில்லை. நோய் உடலில் உள்ளது.

கண்ணில் தெரிவது, கழுத்தில் இருப்பது

இமையின் பிடி தளர்வதைச் சற்று விரித்துக் காண்போம். பரிவு நரம்பு மூளையிலிருந்து நேரே கண்ணுக்குச் செல்வதில்லை. அது மூளையிலிருந்து தண்டுவடத்தின் வழியே மார்பு வரை இறங்கி, மார்பின் மேற்பகுதியில் வெளியேறி, கழுத்தின் வழியாக மேலே ஏறி, நடுச்செவியை ஒட்டிச் சென்று, பிறகே கண்ணை அடைகிறது. இந்நெடும் பாதையில் எங்கே பழுது நேர்ந்தாலும் கண்ணில் நான்கு அடையாளங்கள் தோன்றும்: பாவை சுருங்கும், மேலிமை தாழும், விழி சற்று உள்ளே அமிழும், மூன்றாம் இமை எழும். 1869ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் கண் மருத்துவர் யோகான் ஃபிரெடரிக் ஹார்னர் மனிதரிடம் இந்நிலையை விளக்கி எழுதியமையால், இது ஹார்னர் நோய்க்குறித் தொகுதி எனப்படுகிறது.

இதன் காரணங்களை எண்ணிப் பார்க்க வியப்பாக இருக்கும். நாய் கழுத்தைக் கவ்விய காயம், சாலையில் வாகனம் மோதியதால் தோளில் ஏற்பட்ட அடி, நடுச்செவியில் சீழ், மார்புக்குள் கட்டி எனக் கண்ணுக்குத் தொலைவில் நடந்தவை கண்ணில் தெரிகின்றன. பல சமயங்களில் காரணம் எதுவும் புலப்படாமலேயே சில வாரங்களிலோ மாதங்களிலோ இந்நிலை தானே நீங்குகிறது. ஒரு பாவை சிறியதாக இருப்பதைப் பகலொளியில் காண்பது கடினம். விளக்கைக் குறைத்தால் நலமான கண்ணின் பாவை விரியும். பழுதுபட்டது சிறியதாகவே நிற்கும். அப்போது வேறுபாடு தெளிவாகும்.

இதற்கு மாறாக இரு பாவைகளும் அகல விரிந்து, வெளிச்சத்திலும் சுருங்காமல், மூக்கும் வாயும் வறண்டு, மலச்சிக்கலோடு இரு மூன்றாம் இமைகளும் எழுந்து நின்றால், அது தன்னியக்க நரம்பு மண்டலம் முழுவதையும் தாக்கும் அரிய நோயாக இருக்கக்கூடும். 1982இல் இங்கிலாந்தில் முதன்முதலாக விளக்கப்பட்ட இந்நோய்க்குக் கீ, கேஸ்கல் என்னும் இருவரின் பெயர் சூட்டப்பட்டது. ஒரே இமை எழுகிறது. பாவையின் அளவோ நேர்மாறாக உள்ளது. இமையை மட்டும் பார்ப்போருக்கு இவ்விரண்டும் ஒன்றே போல் தோன்றும்.

அஞ்சத் தேவையில்லாத நிலைகள்

மூன்றாம் இமை தெரிந்தாலே நோய் என்று கொள்வதும் பிழையே. உறங்கும் பூனையின் கண் பாதி திறந்திருந்தால் இமை தெரியும். விழித்த சில நொடிகளில் அது உள்ளே செல்லும். கருத்தடை போன்ற அறுவை முடிந்து மயக்கம் தெளியும் வரையிலும் இமை வெளியே நிற்பது இயல்பு.

மற்றொன்றும் உண்டு. இளம் பூனை நன்றாக உண்கிறது, ஓடுகிறது, விளையாடுகிறது. கண்ணில் சிவப்போ பீளையோ வலியோ இல்லை. ஆயினும் இரு கண்களிலும் மூன்றாம் இமை எழுந்து பல நாள் நிற்கிறது. அதற்கு முன்போ உடனோ வயிற்றுப்போக்கு இருந்திருக்கலாம். ஆங்கிலத்தில் மூன்றாம் இமைக்கு வழங்கும் பழம்பெயரான ‘ஹா’ என்பதைக் கொண்டு இதனை ‘ஹாஸ்’ நோய்க்குறித் தொகுதி என்கின்றனர். ஒருவகை வைரஸ் இதற்குக் காரணம் என்ற ஐயம் உண்டே தவிர உறுதிப்பாடு இல்லை. வேறு நோய் இல்லையென்று மருத்துவர் உறுதி செய்தபின், சில வாரங்கள் பொறுத்திருந்தால் இது தானே நீங்கும்.

அறிகுறியை அறுத்தால் நோய் தீராது

‘ஹா’ என்னும் இச்சொல்லின் பின்னே துயரமான வரலாறு ஒன்று உண்டு. முற்காலத்தில் இங்கிலாந்தில் குதிரைகளுக்கு வைத்தியம் செய்தோர் பலர் லாடம் அடிப்பவர்களே. குதிரையின் கண்ணில் மூன்றாம் இமை எழுந்து நின்றால், அதையே நோயென்று கொண்டு ஊசியால் கொளுவி இழுத்துக் கத்தியால் அறுத்து எறிந்தனர். குதிரையின் மூன்றாம் இமை திடீரென்று எழுவதற்கு ஒரு முதன்மையான காரணம் இசிவு நோய். நோய் உடலில் இருக்க, அதை அறிவித்த இமை அறுபட்டது. குதிரை தன் கண்ணின் காவலை இழந்ததே கண்ட பயன். கால்நடை மருத்துவம் முறையான கல்வியாக வளர்ந்த பிறகே இவ்வழக்கம் கண்டிக்கப்பட்டு ஒழிந்தது. இன்று சுரப்பி பிதுங்கிய நிலையிலும்கூட அதை வெட்டி எடுக்காமல் பழைய இடத்தில் வைத்துத் தைப்பதையே மருத்துவர் விரும்புகின்றனர். வெட்டினால் பின்னாளில் கண் வறண்டு போகக்கூடும்.

ஒரே அறிகுறிக்குப் பின்னே வேறு வேறு காரணம் மறைந்திருக்கும் என்னும் உண்மையை நம் வட்டாரம் பேரிழப்போடு கற்றிருக்கிறது. 1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பேராக்கில் பன்றி வளர்ப்போரிடையே காய்ச்சலும் மூளை வீக்கமும் தோன்றின. பின்னர் அது பாரோய்க்கு அண்மையில் உள்ள சிக்காமட்டுக்கும், போர்ட்டிக்சன் மாவட்டத்தின் புக்கிட் பெலாண்டோக்கிற்கும் பரவியது. மூளை வீக்கத்தைக் கண்டு, கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கருதினர். கொசுவை ஒழிக்கப் புகையடித்தனர். அதற்குரிய தடுப்பூசி போட்டனர். நோய் நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் புதியதொரு வைரஸைக் கண்டறிந்தபின் வழி தெளிவாயிற்று. பன்றிகள் பத்து இலட்சத்துக்கும் மேல் அழிக்கப்பட்டன, நோயும் அடங்கியது. அதற்குள் மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் மாண்டிருந்தனர். அவ்வைரஸுக்கு நெகிரி செம்பிலானின் சுங்கை நிப்பா என்னும் ஊரின் பெயரே நிப்பா என்று நிலைத்தது. நோய் பரவிய பண்ணைகளைச் சூழ்ந்திருந்த நாய்களுக்கும் பூனைகளுக்கும் அது தொற்றியிருந்தது.

பூனையின் இமையை நிப்பாவோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. தெரியும் அறிகுறியிலேயே நின்றுவிட்டால் காரணம் தப்பிவிடும் என்பதற்கே இதைச் சுட்டினோம். திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரமும் நோயையும், அது எழுந்த காரணத்தையும், அதைத் தணிக்கும் வழியையும் முறையே ஆராய்ந்த பின்னரே செயற்பட வேண்டும் என்கிறது. அம்முறை மனிதருக்கும் பூனைக்கும் பொது.

வீட்டில் நோக்க வேண்டியவை

மருத்துவரிடம் செல்லுமுன் வீட்டார் நோக்கிக் குறித்துவைக்கும் செய்திகள் சிகிச்சையைப் பெரிதும் எளிதாக்கும். ஒரு கண்ணா, இரு கண்ணா; எத்தனை நாளாக; பாவைகள் ஒத்த அளவா; கண் சுருங்குகிறதா; நீரோ பீளையோ வடிகிறதா; படலத்தின் நிறம் சிவப்பா, வெளிறலா; உணவு, நீர், மலம், சிறுநீர் எப்படி; அண்மையில் சண்டை, வீழ்ச்சி, புதிய மருந்து உண்டா என்பவற்றை ஒரு தாளில் எழுதலாம். கைப்பேசியில் இரு கண்களும் தெரிய ஒரு படம் எடுத்து வைத்தால் இன்னும் நன்று.

தோள்களுக்கிடையே உள்ள தோலை மெல்லத் தூக்கி விட்டால் நலமான பூனையில் அது உடனே படியும். மெல்லப் படிந்தால் உடலில் நீர் வற்றியிருக்கலாம். ஈறு இளஞ்சிவப்பாகவும் ஈரமாகவும் இருக்க வேண்டும். ஈறும் மூன்றாம் இமையும் வெளுத்திருந்தால் இரத்தம் குறைந்திருக்கிறது. தோட்டப்புறங்களில் இதைச் சிறப்பாக நோக்கவேண்டும். எலிக்கு வைக்கப்படும் நஞ்சுகளில் பல இரத்தம் உறைவதைத் தடுப்பவை. அந்நஞ்சைத் தின்ற எலியைப் பூனை தின்றால் சில நாள் கழித்து உடலுக்குள் இரத்தம் கசியத் தொடங்கும். காலத்தில் கொண்டுசென்றால் வைட்டமின் கே சிகிச்சையால் காப்பாற்ற இயலும்.

கண் சுருங்கி வலித்தல், விழி மங்கலாதல் அல்லது பிதுங்குதல், அடிபட்டிருத்தல், வாய் திறந்து மூச்சு வாங்குதல், ஈறு வெளுத்தல், ஒரு நாள் முழுதும் உண்ணாதிருத்தல், ஆண் பூனை சிறுநீர் கழிக்க முயன்றும் இயலாதிருத்தல் ஆகியவற்றுள் ஒன்றேனும் மூன்றாம் இமையோடு சேர்ந்து தோன்றினால் அன்றே மருத்துவரை நாடவேண்டும். பூனை சுறுசுறுப்பாக இருந்து இமை மட்டும் தெரிந்தால் ஓரிரு நாள் கவனித்து, நீங்காவிடில் காட்டலாம். தனியார் கிளினிக்கிற்குச் செல்ல வசதியில்லாதோர் மாவட்டத்திலுள்ள அரசு கால்நடைச் சேவை அலுவலகத்தை அணுகலாம். கடினமான நோய்களுக்குச் செர்டாங்கில் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், வளர்க்கும் விலங்கை வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காப்பதை உரிமையாளரின் கடமையாக்கியுள்ளது என்பதையும் மாணவர் அறிந்திருக்க வேண்டும்.

மருத்துவர் செய்யும் சோதனைகளும் அறியத்தக்கவை. சிறு காகிதத் துண்டை இமைக்குள் வைத்துக் கண்ணீரின் அளவைக் காண்பார். செம்மஞ்சள் சாயத்தை இட்டு நீல ஒளியில் நோக்குவார். புண் இருந்தால் அவ்விடம் பச்சையாக ஒளிரும். கண்ணை மரத்துப்போகச் செய்து மூன்றாம் இமையைத் தூக்கி, அதன் பின்னே புல்விதை ஒளிந்துள்ளதா என்றும் பார்ப்பார். இவை அனைத்தும் காரணத்தைத் தேடும் முயற்சிகளே.

செய்யக்கூடாதவை

அன்பினால் செய்யும் சில செயல்கள் பூனையைக் கொன்றுவிடும். அவற்றுள் தலையானது பெனடோல் கொடுப்பது. மனிதரின் கல்லீரல் பாராசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும். பூனைக்கோ அதற்குரிய நொதி போதிய அளவில் இல்லை. அதனால் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும், ஈறு பழுப்பாகும், முகமும் பாதங்களும் வீங்கும். ஒரு மாத்திரையே ஒரு பூனையின் உயிரைப் போக்கப் போதும். கால் மாத்திரை, அரை மாத்திரை என்று குறைத்துக் கொடுப்பதும் தீங்கே.

இரண்டாவது, வீட்டில் மிஞ்சிய கண்சொட்டு மருந்தை இடுதல். ஸ்டீராய்டு கலந்த சொட்டு, விழிவெண்படலத்தில் புண் இருக்கும்போது அப்புண்ணை ஆழமாக்கும். ஹெர்ப்பிஸ் வைரஸைத் தூண்டிவிடும். எலுமிச்சைச் சாறு, எண்ணெய், பச்சிலைச் சாறு போன்றவற்றைப் புண்பட்ட கண்ணில் பிழிவதும் ஆகாது. மூன்றாவது, படலத்தை விரலாலோ துணியாலோ இழுத்தல். கொதித்தாறிய வெதுவெதுப்பான நீரில் தூய பஞ்சை நனைத்து, இமையோரத்துப் பீளையை மட்டும் துடைக்கலாம். துடைக்கும் முன்னும் பின்னும் கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

ஆசிரியர் கையில் இருப்பது

பூனையால் தன் நோயைச் சொல்ல இயலாது. வலியை மறைப்பதும் அதன் இயல்பு. காட்டில் நோயுற்றதென்று தெரிந்த உயிர் எளிதில் இரையாகும் என்பதால் வந்த பழக்கம் அது. ஆகவே நமக்குக் கிடைக்கும் செய்திகள் சிலவே. மூன்றாம் இமை அவற்றுள் ஒன்று. கையால் தொடாமல், கருவி இல்லாமல், தொலைவிலிருந்தே காணக்கூடிய செய்தி.

அதைப் படிக்கக் கற்றுக்கொடுப்பது அறிவியல் வகுப்புக்கும் மொழி வகுப்புக்கும் பொதுவான பணி. மாணவர் தம் கண்மூலையிலுள்ள பிறை மடிப்பைக் கண்ணாடியில் காணட்டும். கோழி சிமிட்டுவதை நோக்கிக் குறிப்பெழுதட்டும். தம் வீட்டுப் பூனை உறங்கும்போதும் விழிக்கும்போதும் இமை எவ்வாறு மாறுகிறது என்று ஒரு வாரம் பதிவு செய்யட்டும். நலமான கண்ணை நன்கறிந்தவருக்கே நோயுற்ற கண்ணின் வேறுபாடு புலப்படும். அவ்வாறு பழகிய பிள்ளை, வீட்டில் ஒருவர் ‘பூ விழுந்துவிட்டது, விட்டுவிடு’ என்று கூறும்போது, ‘இது மூன்றாம் இமை; ஏன் வெளியே நிற்கிறது என்று பார்ப்போம்’ என்று மறுமொழி தரும். சரியான சொல்லை அறிந்த பிள்ளையின் அம்மறுமொழியால் ஒரு பூனையின் பார்வையும் சில சமயம் உயிரும் காக்கப்படும்.